வாடல் நோய் வாசலைத் தாண்டாமல் வாழை வளர்ப்பது எப்படி

வாழையின் அடியிலை ஓரத்தில் மஞ்சள் கண்டால் முதலில் உரக்கடைக்கு ஓடாதீர்கள். அரிவாளோடு தோட்டத்துக்குப் போங்கள்.

2011-இல் நான் உரக்கடைக்குத்தான் ஓடினேன். தொட்டியம் பக்கம், காவிரியின் வடகரையில் எங்களுக்கு இரண்டே முக்கால் ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் முழுக்க ரஸ்தாளி, 850 கன்று, தை மாதம் நட்டது. ஆடி பிறந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடியிலைகள் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பித்தன. தண்ணீர்க் குறைச்சல் என்று நினைத்துப் பாய்ச்சினேன். அப்புறம் யூரியா போட்டேன். பதினைந்து நாளில் அந்த இலைகள் காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கின. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றது.

பக்கத்துக் கொல்லைக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "உரம் போடறதை நிறுத்துடா. ஒரு மரத்தை வெட்டிப் பாரு," என்றார். வெட்டினேன். வெளிப்பட்டை வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதை உரித்து உள்ளே போனால் மூன்றாவது, நான்காவது பட்டையில் நெடுக்காகக் காவி நூல் ஓடுவது போலக் கோடுகள். கிழங்கைத் தோண்டிக் குறுக்கே வெட்டினேன். தேங்காய்ப் பருப்பு போல வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில், வெற்றிலைச் சாறு தெறித்தது போல வட்டமாகச் செம்பழுப்புப் புள்ளிகள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் 17 மரம் போனது. மற்றதில் தார் வெட்டிவிட்டுக் கட்டை விட்டேன், அதாவது அடியில் வரும் பக்கக் கன்றையே அடுத்த பயிராக வளர விட்டேன். அடுத்த வருஷம் 200-க்கு மேல் போனது. மூன்றாம் வருஷம் அந்த ஏக்கரிலிருந்து ஒரு தார்கூட வண்டி ஏறவில்லை. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அதனால் கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, நோய் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான்.

வெட்டிப் பார்ப்பது எப்படி

வாடல் நோய் பெரும்பாலும் நட்ட ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் வெளியே தெரியும். மஞ்சள் கீழிலையில் தொடங்கி மேலே ஏறும். தண்டின் அடிப்பகுதி சில மரத்தில் நெடுக்காக வெடிக்கும். ஆனால் இலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சாம்பல்சத்துக் குறைந்தாலும் அடியிலை மஞ்சளாகும். அது பெரும்பாலும் நுனியிலிருந்து வரும், கிழங்கை வெட்டினால் வெள்ளையாக இருக்கும். கிழங்கு அழுகல் என்றால் மூக்கே சொல்லிவிடும், நாற்றம் தாங்காது, மரத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கூன்வண்டு என்றால் கிழங்கில் குடைந்த வழி இருக்கும், உள்ளே புழு இருக்கும். ஓட்டையும் இல்லை, நாற்றமும் இல்லை, நரம்பு நரம்பாக நிறம் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் அது வாடல்.

சந்தேகப்பட்ட மரத்தை வெட்டிய அரிவாளை அப்படியே அடுத்த மரத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கேயே வைத்துக் கழுவுங்கள். எப்படிக் கழுவுவது என்று பின்னால் சொல்கிறேன். வாடுவது ஜி9 ரகம் என்றால் மட்டும் தோண்டிப் பார்க்காதீர்கள், ஏன் என்றும் பின்னால் சொல்கிறேன்.

இந்த நோய் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது

இதைத் தெரிந்துகொள்வது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். எங்கே எப்படிப் பரவியது என்று பார்த்தால்தான், நம் வேலியில் எந்த இடத்தில் ஓட்டை என்று புரியும்.

வாடலை உண்டாக்குவது ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணம். மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போன பழம் க்ரோ மிஷேல் என்ற ரகம். மத்திய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அந்த ஒரே ரகத்தை நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாக அழித்தது. கம்பெனிகள் கெட்டுப்போன நிலத்தை விட்டுவிட்டுப் புதுக் காட்டை அழித்து நட்டன; நோயும் கூடவே போனது. பனாமாவில் அழிவு பெரிதாக இருந்ததால் பனாமா வாடல் என்றே பெயர் வந்தது. 1960-களில் வேறு வழியில்லாமல் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினார்கள். அந்த வகை நோயைக் கேவண்டிஷ் தாங்கும்.

கேவண்டிஷ் என்பது இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் குடும்பப் பெயர். அவருடைய கண்ணாடிக் கூடத்தில் 1830-களில் வளர்ந்த கன்று மொரீஷியஸிலிருந்து வந்தது. நம் ஊரில் இந்தப் பச்சைப் பழத்தை மோரிஸ் என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். இன்று எல்லோரும் நடும் ஜி9 அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். உலகச் சந்தையில் நாடு விட்டு நாடு போகும் பழத்தில் ஏறத்தாழ எல்லாமே கேவண்டிஷ்.

இப்போது அதையும் கொல்லும் வகை வந்துவிட்டது. டிஆர்4 என்கிறார்கள். தைவானில் 1960-களின் கடைசியில் கேவண்டிஷ் வாட ஆரம்பித்தது. 1997-இல் ஆஸ்திரேலியாவின் வடக்கில் கண்டுபிடித்தார்கள். 2013-இல் ஜோர்டானிலும் மொசாம்பிக்கிலும், ஆகஸ்ட் 2019-இல் கொலம்பியாவிலும், 2021-இல் பெருவிலும் உறுதியானது. கொலம்பியாவில் தேசிய அவசர நிலையே அறிவித்தார்கள். நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜி9 தோட்டங்களில் இதை உறுதி செய்திருக்கிறார்கள்.

கடலைத் தாண்டி இது போனதற்கு காற்று காரணம் இல்லை. கன்றும், கன்றில் ஒட்டிய மண்ணும், மனிதனின் செருப்பும், வண்டிச் சக்கரமும்தான் காரணம். உலகத்துக்கே அப்படித்தான் என்றால் நம் இரண்டே முக்கால் ஏக்கருக்கும் அப்படித்தான்.

கன்று வாங்கும்போது

என் தோட்டத்துக்கு நோய் கன்றில்தான் வந்தது. பழக்கமான ஒருவர் சொன்னார் என்று, தோட்டத்தைப் பார்க்காமல், வண்டியில் வந்து இறங்கிய கன்றை வாங்கி நட்டேன். கன்றுக்கு இரண்டு ரூபாய் குறைவு. 850 கன்றுக்கு 1,700 ரூபாய் மிச்சம் பிடித்தேன். மூன்றே வருஷத்தில் அந்த ஏக்கரே போனது.

இப்போது நான் செய்வது இது. தார் தொங்கும்போதே போய்த் தாய்த் தோட்டத்தைப் பார்ப்பேன். விற்பவர் காட்டும் வரிசை போதாது, நான்கு மூலையும் நடப்பேன். ஒரே ஒரு மரத்தில் பாவாடை தொங்கினாலும் அங்கே வாங்க மாட்டேன். மீதி 500 மரம் செழிப்பாக இருந்தாலும் சரி. பூஞ்சாணம் ஏறிய தாய்மரத்தின் கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

அகல இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். இலை ஈட்டி போல ஒடுங்கி, அடி பருத்து, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றாக எடுங்கள். தோண்டிய இடத்திலேயே வேரையும் மேல் தோலையும் மண்ணையும் சீவிவிட்டு வர வேண்டும். சீவுவதில் இரண்டு லாபம். கூன்வண்டு முட்டையும் நூற்புழுவும் அங்கேயே கழிந்துவிடும். கிழங்கின் நிறமும் தெரிந்துவிடும். ஒரு புள்ளி காவி தெரிந்தாலும் அந்தக் கன்றை ஒதுக்குங்கள். நான் ஒதுக்கும்போது என் மனைவி பக்கத்தில் நிற்பாள், அவள் கண் என்னைவிடக் கறாரானது. போன தடவை நான் "இது வெறும் மண் கறை" என்று சேர்த்ததைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். உள்ளே கறை இருந்தது.

திசு வளர்ப்புக் கன்று இதைவிடப் பாதுகாப்பானது, ஆய்வுக்கூடத்தில் மண் இல்லாமல் வளர்வதால். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்த பிறகு அந்தச் செடியைப் பையில் வைத்துப் பழக்குகிறார்களே, அந்தப் பையில் இருப்பது என்ன? தென்னை நார்க் கழிவா, இல்லை பக்கத்து வயலில் அள்ளிய மண்ணா? மண் என்றால் எந்த வயல் மண்? நர்சரிக்காரரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். வைரஸ் சோதனை செய்த சான்றையும் கேட்டு வாங்குங்கள். வடக்கே நோய் உறுதியான மாவட்டங்களிலிருந்து கன்று வருகிறது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வாசல்

தோட்டத்துக்குள் வர ஒரே ஒரு வழி வையுங்கள். நான் மூன்று பக்கமும் கிளுவை வேலி போட்டு அடைத்துவிட்டேன். வழியில் மூன்றடிக்கு இரண்டடி சிமெண்ட் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், தேங்காய் நார், பழைய துணி துவைக்கும் பிரஷ்.

முதலில் செருப்பில் இருக்கும் மண் முழுக்கப் போக வேண்டும். தேய்க்காமல் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்தால் பயனில்லை, மண் சேர்ந்ததும் குளோரின் வலுவிழந்துவிடும். தேய்த்த பிறகு தொட்டிக் கரைசலில் மிதிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் இதற்கு குவாட்டர்னரி அமோனியம் வகை கிருமிநாசினி வைத்திருக்கிறார்கள். கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர்: 30 சதவீதக் குளோரின் உள்ள புதுத் தூள் என்றால் லிட்டருக்கு 30 கிராம் பக்கம் கரைத்தால் சுமார் ஒரு சதவீதக் கரைசல் வரும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும், தொட்டிக்கு மேல் கீற்று போடுங்கள், தினமும் மாற்றுங்கள். வெறும் கையை உள்ளே விடாதீர்கள். அரிவாளை நனைத்தால் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும்.

செருப்புக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கென்று தனிச் செருப்பு. வாசலில் நான்கைந்து ஜோடி ரப்பர் செருப்பு மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் தன்னுடையதைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாம் அதே மாதிரி, தோட்டத்தைவிட்டு வெளியே போகாது.

எங்கள் பக்கத்தில் பெரிய ஆபத்து இலை அறுப்புதான் என்று நினைக்கிறேன். இலை அறுக்கிறவர்கள் காலையில் நான்கு தோட்டம் ஏறி இறங்குவார்கள், அதே அரிவாள், அதே கால். ஒரு நாள் வாசலில் நிறுத்தி, "தம்பி, அரிவாளைக் கொடுப்பா," என்றேன். "ஏன் மாமா, இப்பதான் தீட்டினேன்," என்றான். "தீட்டினது சரி. எந்தத் தோட்டத்தில இருந்து வர்றே?" என்றேன். அவன் சொன்ன தோட்டத்தில் அப்போது வாடல் இருந்தது. அவனை வையவில்லை, அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. என் அரிவாளையும் என் செருப்பையும் கொடுத்து அறுக்கச் சொன்னேன். இப்போது அவனே முதல் தோட்டமாக எங்களுடையதுக்கு வந்துவிடுகிறான்.

வியாபாரி லாரியை உள்ளே விடாதீர்கள். தாரை வெட்டி ரோட்டோரம் வரை நம் ஆள் சுமந்து போகட்டும். கூலி கொஞ்சம் கூடும், கூடட்டும். டிராக்டர் உழவுக்கு வருவதற்கு முன் கலப்பையையும் சக்கரத்தையும் ரோட்டிலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வையுங்கள். அந்தத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு ஓடி வராத இடமாகப் பாருங்கள்.

2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், டல்லி என்ற பகுதியில் ஒரு தோட்டத்தில் டிஆர்4 வந்தது. அங்குள்ள வாழை விவசாயிகள் அமைப்பு, அரசு பணம் கொடுக்க, அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கி மூடியது. மற்ற தோட்டங்களில் வேலி, வண்டி கழுவும் இடம், செருப்பு மாற்றும் கோடு. நோய் ஒழியவில்லை, இன்னும் சில தோட்டங்களில் வந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்தப் பகுதியைத் தாண்டாமல் வைத்திருந்தார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. பிரஷ்ஷும் தொட்டியும் வாங்கப் பணம் இருக்கிறது.

தண்ணீரும் மண்ணும்

மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் நம் வயலுக்கு வழியக் கூடாது. எங்கள் நிலம் தாழ்வு. அதனால் மேல் வரப்பை ஒன்றரை அடி உயர்த்தி, அதற்கு வெளியே வடிகால் வெட்டி, தண்ணீரைச் சுற்றிப் போக விட்டேன். உள்ளே சொட்டுநீர் போட்டேன். மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடினால் நோயும் ஓடும்.

கெட்ட மண்ணில் இந்தப் பூஞ்சாணம் தடித்த தோல் போட்ட வித்துகளாக 20 வருஷத்துக்கு மேலும் உறங்கிக் கிடக்கும். சில களைச்செடிகளின் வேரிலும் ஒளிந்திருக்கும். அதனால் "இரண்டு வருஷம் தரிசு போட்டேன், சரியாகிவிட்டது" என்று நம்ப வேண்டாம். ரஸ்தாளி போன அந்த ஏக்கரில் நான் நெல் போட்டேன். தேங்கிய தண்ணீரில் பூஞ்சாணம் குறையும், முழுதாக அழியாது. நான்கு போகம் நெல், இடையில் சணப்பு விதைத்து மடக்கி உழவு. அதன் பிறகு அங்கே பூவன் நட்டேன். நம் ஊரில் பழகிய பழைய வாடலைப் பூவன் தாங்கும். ரஸ்தாளி, ஏலரிசி, கற்பூரவல்லி, மொந்தன் தாங்காது.

இதோடு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களை மட்கிய எருவில் கலந்து வைக்கிறேன். இவை காவல்காரன் மாதிரி. நல்ல வேரைக் காப்பாற்ற உதவும், நோய் ஏறிய மரத்தை எழுப்பாது. அப்படி எழுப்பும் என்று யாராவது பாட்டில் விற்றால் வாங்காதீர்கள். நூற்புழு கடித்த வேரில் பூஞ்சாணம் சுலபமாக நுழையும் என்பதால் வரப்போரம் செண்டுமல்லி போடுகிறேன். பூவும் சந்தைக்குப் போகிறது.

ஒரு நிலத்தில் ஒரே ரகம் வேண்டாம் என்பதை நான் மனதாரச் சொல்கிறேன். நாம் நடும் வாழைக்கு விதை கிடையாது. ஒரு ரகத்தின் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல், ஒன்றுக்கு வந்தது அத்தனைக்கும் வரும். க்ரோ மிஷேல் அப்படித்தான் போனது. வியாபாரி ஜி9 மட்டும் கேட்பார், எடை தெரியும், பணம் தெரியும். பாதியை அவருக்கு நடுங்கள், பாதியில் பூவன், நேந்திரன் என்று பிரித்து நடுங்கள். தைவானில் நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வகையைத் திசு வளர்ப்பிலிருந்தே பொறுக்கி எடுத்தார்கள். கட்டை விடாமல் ஆண்டுதோறும் புதிதாக நட்டு விவசாயம் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024-இல் மரபணு மாற்றிய கேவண்டிஷ் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அதெல்லாம் நம் வரப்புக்கு வரும் வரைக்கும் கலந்து நடுவதுதான் நம் கையில் இருக்கும் வழி.

வந்துவிட்டால்

2011-இல் நான் செய்த பெரிய தப்பு, நோய் பிடித்த மரங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் போட்டது. இழுத்த வழியெல்லாம் மண் சிந்தியது. மழையில் கரைந்து கீழ் வயலுக்குப் போனது. அடுத்த வருஷம் அந்த வயலிலும் வாடல். அந்தக் குடும்பத்திடம் நேரில் போய்ச் சொன்னேன். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

ரஸ்தாளி, ஏலரிசியில் நம் பழைய வாடல்தான் என்று தெரிந்தால் மரத்தைக் கிழங்கோடு தோண்டி, அந்த இடத்திலேயே துண்டாக்கி, காய்ந்ததும் அங்கேயே எரியுங்கள். குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். சுற்றி இருக்கும் மரங்களுக்கு ஒரு மாதம் தனிக் கவனம் கொடுங்கள். அந்த வரிசையில் கன்று எடுக்கவே கூடாது.

ஆனால் வாடுவது ஜி9 என்றால் அது டிஆர்4 ஆக இருக்கலாம், தோண்டாதீர்கள். கிளறினால் மண் பரவும். மரத்தைச் சுற்றி நான்கு மூலையில் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள், யாரையும் உள்ளே விடாதீர்கள், தண்ணீரை அடையுங்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கும். கூப்பிட்டுச் சொல்லுங்கள். கிழங்குத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள், அவர்களே வந்து எடுக்கட்டும். வெளியே சொன்னால் நம் தாரை யாரும் வாங்க மாட்டார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. பயம் எனக்குப் புரிகிறது. பழம் தின்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது உண்மை.

முடிக்கொத்து

வாடலுக்கு அடுத்து நான் பயப்படுவது இது. விருப்பாச்சியும் சிறுமலைப் பழமும் மலையில் குறைந்துபோனதற்கு இந்த வைரஸ் பெரிய காரணம். இலைகள் குட்டையாக, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு: இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்பிலும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக இருக்கும். பரப்புவது கருப்பு அசுவினி. முதலில் குருத்துக்குள் மருந்து விட்டு அசுவினியைக் கொல்லுங்கள், அப்புறம் மரத்தை வெட்டுங்கள். முதலில் வெட்டினால் பசியோடு இருக்கும் அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

நோட்டு

எழுதும் நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்த வரிசை, எந்த ரகம், கன்று யாரிடம் வாங்கியது, என்ன தேதி, உள்ளே வந்த வண்டி எது, எல்லாம் எழுதுங்கள். நான்காம் மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் எல்லா வரிசையும் நடந்து, மஞ்சள் கண்ட மரத்தின் இடத்தையும் எழுதுங்கள். நோய் வந்தால் எந்த வழியாக வந்தது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2011-இல் என்னிடம் அப்படி ஒன்று இல்லை. அந்தக் கன்று எந்த ஊர்த் தோட்டத்தில் தோண்டியது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இப்போது என் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது: வடக்கு வரிசை, பூவன், 40 கன்று, சொந்தத் தோட்டம், இருவரும் சீவிப் பார்த்தோம், 38 நட்டது, 2 ஒதுக்கியது.